“நான் பொறுப்பல்ல!”

பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திராவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் வீட்டு ரசத்தில் அந்த ஊர்த் தக்காளி ஒரு தடவையாவது கொதித்திருக்கும். தர்மபுரி ஜில்லாவில் தக்காளிக்குப் பேர்போன ஊர் அது. ஒரு பருவத்தில் தங்கம் மாதிரி விலை சொல்வார்கள். இன்னொரு பருவத்தில் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே விலை என்றால் ஏறும், இறங்கும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் என் சித்தி. சென்ற மாதம் நான் போயிருந்தபோது காப்பி வந்தது. ஆனால் காப்பியோடு வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

“என்ன சித்தி, உடம்புக்கு ஏதாவது...?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை கண்ணு. உங்க அத்தைதான் ரெண்டு மாசமா என்கூடப் பேசறதில்லை.”

அத்தை என்றால் சித்தியின் நாத்தனார், தர்மபுரியில் இருக்கிறார். இருவரும் நாத்தனாரும் அண்ணியும் போலவே இருந்ததில்லை. கூடப் பிறந்தவர்கள் போல இருந்தார்கள். நடந்தது இதுதான்:

சித்தியின் கைப்பேசிக்கு எங்கிருந்தோ ஒரு செய்தி வந்தது. இன்ன கம்பெனிப் பங்கு இன்று 40 ரூபாய், மூன்றே மாதத்தில் 120 ரூபாய், இன்றே வாங்குங்கள்! சித்தி அதை வீட்டு மனிதர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிட்டார். தள்ளும்போது ஜாக்கிரதையாக ஒரு வரியும் சேர்த்தார்: “இது தகவலுக்காக மட்டும். லாப நஷ்டத்துக்கு நான் பொறுப்பல்ல.”

பேத்திக்கு வளையல் செய்யச் சீட்டுக் கட்டி வைத்திருந்த 60,000 ரூபாயை அத்தை அதில் போட்டார். இன்று அது 11,000 ரூபாய்.

“கணக்கு டீச்சர் சொன்னாங்களேன்னு போட்டேன்னு சொல்றாங்க. நான்தான் பொறுப்பில்லைன்னு கீழேயே எழுதியிருந்தேனே! அந்த ஒரு வரி போதாதா? அவங்க மாப்பிள்ளை வேற கேஸ் போடுவேன்னு சொல்றாராம். நிஜமாவே என் மேலே கேஸ் போட முடியுமா?”

கேட்டவர் சித்தி ஒருவர்தான். ஆனால் கைப்பேசி இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிச் சட்டப் புத்தகங்களையும் தீர்ப்புகளையும் புரட்டினேன். கிடைத்ததைச் சித்திக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு பழைய கடிதம்

“நான் பொறுப்பல்ல” என்ற வரி கைப்பேசியோடு பிறந்ததல்ல. லண்டனில் ஹெட்லி பர்ன் என்று ஒரு விளம்பரக் கம்பெனி இருந்தது. ஈஸிபவர் என்ற கம்பெனிக்காகத் தன் சொந்தப் பொறுப்பில் விளம்பரங்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ‘இந்த ஈஸிபவர் பணம் கொடுக்குமா?’ என்று ஈஸிபவரின் பாங்கியிடம் விசாரித்தது. பாங்கி நல்ல விதமாகவே பதில் எழுதியது; ஆனால், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சேர்த்தே எழுதியது. பிறகு ஈஸிபவர் முழுகிவிட்டது. விளம்பரக் கம்பெனிக்கு நஷ்டம் 17,000 பவுன்.

வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போனது. 1963-இல் தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு பாதி. முதல் பாதி: விஷயம் தெரிந்தவர் என்று நம்பி ஒருவர் கேட்கும்போது, கவனக் குறைவாகத் தவறான பதில் சொன்னால், சொன்னவர் நஷ்டத்துக்குப் பொறுப்பாகலாம். இரண்டாம் பாதி: ஆனால் இந்தப் பாங்கி முதலிலேயே பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டதால் அது தப்பியது.

“பார்த்தியா! நான் சொன்னது சரிதானே!” என்று போனில் சித்தியின் குரல் நிமிர்ந்தது.

“அவசரப்படாதீங்க சித்தி. அந்தப் பாங்கி பொய் சொல்லவில்லை. நேர்மையாகத்தான் பதில் எழுதியது. நேர்மையாகச் சொன்னது தவறிப்போனால் அந்த வரி குடை பிடிக்கும். தெரிந்தே பொய் சொன்னவனுக்கு அது குடை பிடிக்காது.”

நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. ஏமாற்றும் எண்ணத்தோடு பொய்யை மெய்யென்று சொல்வதும், தெரிந்த உண்மையை மறைப்பதும் மோசடி. கடையில் கல்லைக் கலந்து அரிசி விற்றுவிட்டு, ‘கல் இருந்தால் நான் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டினால் விட்டுவிடுவோமா?

நாம் கோபத்தில் ‘நானூற்றிருபது’ என்று திட்டுவோமே, அந்தப் பிரிவுக்கும் இப்போது எண் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றம் 318-வது பிரிவு. ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்க வைத்தால் 7 வருஷம் வரை சிறை உண்டு.

பாட்டி வைத்தியமும் மருந்துச் சீட்டும்

சளி பிடித்த குழந்தைக்கு ஓமம் வறுத்து முகர வைக்கச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவளை யாரும் ‘டாக்டர் பட்டம் எங்கே?’ என்று கேட்பதில்லை. அதே பாட்டி வாசலில் பலகை மாட்டி, பீஸ் வாங்கிக்கொண்டு மருந்து எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால்?

பங்குச் சந்தையிலும் இதே வித்தியாசம்தான். அந்தச் சந்தைக்குக் காவலாக இருப்பது ‘செபி’ என்ற அமைப்பு. பணம் வாங்கிக்கொண்டு ‘இதில் போடு, அதை விற்று விடு’ என்று ஆலோசனை சொல்வதைத் தொழிலாகச் செய்கிறவர் செபியிடம் பதிவு செய்தாக வேண்டும். முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிகள் 2013-இலும், பங்குகளை ஆராய்ந்து சிபாரிசு செய்கிறவர்களுக்கான விதிகள் 2014-இலும் வந்தன.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ‘நாங்கள் ஆலோசனை சொல்லவில்லை, பாடம்தான் நடத்துகிறோம். இது கல்விக்காக மட்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுதினால் போதுமா?

‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் யூடியூபில் பிரபலமாக இருந்தவர் முகமது நசிருத்தீன் அன்சாரி. பங்குச் சந்தைப் பாடம் என்று சொல்லிப் பணம் வசூலித்தார். 2023 அக்டோபரில் செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. பாடம் என்ற போர்வையில் நடந்தது பங்குச் சிபாரிசுதான் என்று கண்டு, பதிவில்லாமல் வசூலித்த சுமார் 17 கோடியே 20 லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. அந்த உத்தரவில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. தமக்கு வந்த லாபங்களையே ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்த அவருக்கு, 2021 ஜனவரியிலிருந்து சுமார் இரண்டரை வருஷத்தில் நிகரமாக மிஞ்சியது 2 கோடியே 89 லட்சம் ரூபாய் நஷ்டம்!

‘இதெல்லாம் வடக்கே’ என்று நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து யூடியூபில் பங்குச் சந்தை பேசிப் பிரபலமான பி.ஆர்.சுந்தர் மீதும், அவரைச் சேர்ந்த கம்பெனி மீதும், பதிவில்லாமல் கட்டண ஆலோசனை சொன்னதாக செபி நடவடிக்கை எடுத்தது. 2023 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆனால் சமரசத் தொகையாக 46 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயும், ஈட்டிய பணத்துக்காக வட்டியோடு சுமார் 6 கோடி ரூபாயும் கட்டுவதென்றும், ஒரு வருஷம் பங்குகளை வாங்காமல் விற்காமல் இருப்பதென்றும் ஏற்பாடாயிற்று.

ஆக, சட்டம் பலகையைப் பார்ப்பதில்லை. பலகைக்குப் பின்னால் நடக்கும் வியாபாரத்தைப் பார்க்கிறது. 2025 ஜனவரியில் செபி இன்னும் ஒரு படி போய், பாடம் நடத்துகிறவர்கள் கடந்த மூன்று மாதத்து விலைகளைக் காட்டிப் பங்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. பாடத்துக்குப் பழைய கணக்குப் போதுமே!

சொந்தச் சரக்கு

இனிமேல் சொல்வது இன்னும் பொல்லாதது. பாலக்கோட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஒரு வியாபாரியின் கிடங்கில் நூறு பெட்டித் தக்காளி தேங்கியிருக்கிறது என்று வையுங்கள். அவர் மார்க்கெட்டில் நின்று, ‘நாளைக்கு வெளியூர் லாரிகள் வரப் போகின்றன, விலை இரண்டு மடங்கு’ என்று புரளி கிளப்புகிறார். எல்லாரும் ஓடி வந்து வாங்குகிறார்கள். யாரிடமிருந்து? அவரிடமிருந்தே! மறுநாள் லாரியும் இல்லை, விலையும் இல்லை.

2022-இல் சாத்னா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியைப் பற்றி யூடியூபில் சில படங்கள் வந்தன. ஒரு பெரிய தொழில் குடும்பம் அந்தக் கம்பெனியை வாங்கப் போகிறது என்று பொய்ச் செய்தி. பங்கின் விலை ஏறியது. சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள். முன்பே கையில் வைத்திருந்த சிலர் நல்ல விலைக்கு விற்றுவிட்டு நகர்ந்தார்கள். 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. 2025 மே மாத இறுதி உத்தரவில், சம்பந்தப்பட்டவர்கள் சுமார் 58 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றது.

இந்த மாதிரி மோசடிகளைத் தடுக்க 2003-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. தெரிந்தே பொய் சொல்வது மட்டும் மோசடியல்ல; மெய்யா பொய்யா என்று பாராமல் அலட்சியமாக அள்ளி விடுவதும் மோசடிக் கணக்கில் சேரலாம். நல்லெண்ணத்தோடு பொருளாதாரத்தைப் பற்றியும் சந்தையின் போக்கைப் பற்றியும் பொதுவாக அபிப்பிராயம் சொல்வதற்குத் தடையில்லை.

வந்ததை அனுப்பினால்?

“அதெல்லாம் சரி. நான் காசும் வாங்கலை, அந்தப் பங்கு என்கிட்டே ஒண்ணுகூட இல்லை. வந்ததை அப்படியே அனுப்பினேன். என் கதி என்ன?” என்றார் சித்தி.

இங்கே இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் பங்குச் சந்தை வழக்குகள் அல்ல. ஆனாலும் அனுப்புகிறவர்களுக்கும் குழு நடத்துகிறவர்களுக்கும் பாடம் உள்ளவை.

நடிகரும் முன்னாள் சட்டசபை உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர், படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார், எடுத்தும் விட்டார், மன்னிப்பும் கேட்டார். வழக்குகளை ரத்து செய்யும்படி கேட்டபோது, 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு. புறப்பட்டபின் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்ற கருத்தில் நீதிபதி எழுதினார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இன்னொன்று கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குழு. ஓர் உறுப்பினர் போட்ட ஆட்சேபகரமான செய்திக்காகக் குழுவை நடத்தியவர் மீதும் வழக்கு வந்தது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் குழுவை நடத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-இல், மற்றவர் போட்டதற்குக் குழுத் தலைவர் பொறுப்பல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவு. திண்ணையின் சொந்தக்காரர் என்பதற்காக, அங்கே வேறொருவர் பேசிய பேச்சுக்கு அவரைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அவரே எழுந்து அந்தப் பேச்சைத் திருப்பிச் சொன்னால், அது அவருடைய பேச்சாகிவிடும்.

சித்தியின் கதையில், காசு வாங்கவில்லை; தொழிலாகச் செய்யவில்லை; மறைவான லாபம் இல்லை; பொய்யென்று தெரியாது. ஆகவே அவர் பதிவில்லாத ஆலோசகர் ஆகமாட்டார். ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் 318-ம் வராது. மாப்பிள்ளை கேஸ் போடுவது எளிது; நிற்பது கஷ்டம். அந்தச் செய்தியை முதலில் கிளப்பிவிட்ட ஆசாமியின் நிலைமை வேறு. அவன் பத்து வரி ‘பொறுப்பல்ல’ எழுதியிருந்தாலும், பணம் வாங்கியிருந்தால் அல்லது சொந்தச் சரக்கைத் தள்ளியிருந்தால் தப்ப முடியாது.

பொடி எழுத்து

விளம்பரங்களின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி ஓடுமே, அதற்கும் விதி வந்திருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சில நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தில் பெரிதாகச் சொன்ன பொய்யை அடியில் உள்ள வரியால் திருத்த முயலக் கூடாது. விளம்பரம் எந்தப் பாஷையில் இருக்கிறதோ, அந்த வரியும் அதே பாஷையில் இருக்க வேண்டும். எழுத்தும் அதே மாதிரி இருக்க வேண்டும். அதாவது, ‘பணம் குவியும்’ என்பது தமிழில், ‘குவியாமலும் போகலாம்’ என்பது இங்கிலீஷில் என்ற வேலை நடக்காது!

விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நட்சத்திரங்களுக்கும் விலக்கில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முன்கூட்டி உண்மையை விசாரித்தேன் என்று காட்டினால் தப்பலாம்.

பணம் திரும்புமா?

சகோதரிகளே, இதுதான் மனத்தை வருத்தும் இடம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பது ஒன்று. நம் பணம் திரும்புவது வேறு. திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணியில் லாபம் என்று சொல்லி 930 கோடி ரூபாய் திரட்டியது. 2009-இல் குட்டு உடைந்தது. கோயம்புத்தூர் நீதிமன்றம் நடத்தியவர்களுக்கு 27 வருஷம் சிறை விதித்தது 2022 ஆகஸ்டில். இடையில் 13 வருஷம்! 2009-இல் பத்து வயதுப் பெண்ணின் கல்யாணத்துக்கென்று போட்டவர்கள், தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் செய்தார்களோ!

ஆகவே கேஸ் போடும் அறிவைவிட, கேட்கும் அறிவு லாபம். யாராவது பங்குச் சிபாரிசு செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் செபி பதிவு எண் என்ன? ஆலோசகர் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், ஆராய்ச்சியாளர் எண் ஐ.என்.எச். என்று தொடங்கும். செபியின் இணைய தளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரண்டு: இந்தப் பங்கு உங்கள் கையில் இருக்கிறதா? மூன்று: நீங்கள் பொறுப்பல்ல என்றால், யார் பொறுப்பு?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். செய்தியை அழிக்காமல், பணம் அனுப்பிய ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். செபியிடம் ‘ஸ்கோர்ஸ்’ என்ற தளத்தில் புகார் எழுதலாம். 1800 266 7575 என்ற எண்ணில் கட்டணமின்றி விசாரிக்கலாம். கைப்பேசி வழியாகப் பணத்தைப் பிடுங்கியிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறி ஓடுவதற்குள் கணக்கை முடக்க முடியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்படின்னா கோர்ட்டுல நான் ஜெயிச்சுட்டேன்” என்றார்.

“ஆமாம் சித்தி.”

“வீட்டுல?”

அதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் குடும்பக் குழுவில் சித்தியின் செய்தி வந்தது. கரும்பலகையில் எழுதுவது போல வரிசையாக எழுதியிருந்தார்: “அந்தச் செய்தியை விசாரிக்காமல் அனுப்பினேன். அது என் தப்பு. யார் சொன்னது, அவருக்கு என்ன லாபம் என்று தெரியாத எதையும் இனி இந்தக் குழுவில் போட மாட்டேன், போடவும் விடமாட்டேன்.” அடியில் ‘நான் பொறுப்பல்ல’ என்ற வரி இல்லை.

அதற்கு அடுத்த நாள் ஒரு பை நிறையத் தக்காளியோடு தர்மபுரிக்குப் பஸ் ஏறினாராம். வீட்டு வாசலில் அத்தை முதலில் பையைத்தான் பார்த்தாராம்.

“என்ன விலை?” என்று கேட்டாராம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அத்தை பேசிய முதல் பேச்சு அதுதான்.